வயித்து வலி என்று எழுதப்படுவது

நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தை வாசித்துப் பழகியவர்களுக்கு அந்த வரி மனப்பாடமாகியிருக்கும்: தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்தவர், மனமுடைந்து விஷம் குடித்தார். ஊர் மாறும், வயது மாறும். வயிற்று வலி மட்டும் மாறாது. சமூகப் பணிக்கு வந்த இந்த ஒன்பது வருடங்களில் அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பல இரவுகள் நின்றிருக்கிறேன். அந்த வயிற்று வலி எங்கே, எப்படி எழுதப்படுகிறது என்பதை அங்கேதான் பார்த்தேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மனம் நொறுங்கி வருகிறவரை காஷுவாலிட்டியில் எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பண்பு, கனிவு சார்ந்த விஷயமாக மட்டும் நாம் பார்த்துவிடக் கூடாது. அவருக்கு என்ன நடந்தது என்பது முதன்முதலில் காகிதத்தில் ஏறுவது அங்கேதான். அங்கே அவமதித்தால் அவர் வாய் திறக்க மாட்டார். வாய் திறக்காவிட்டால் காரணம் பதிவாகாது. நம் மக்கள் விஷயத்தில், பதிவாகாமல் போகிற அந்தக் காரணம் பல சமயம் சாதி.

முதலில் நடைமுறையைத் தெரிந்துகொள்ளுங்கள். விஷம் குடித்தவரோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டவரோ வந்தால் அது மெடிகோ லீகல் கேஸ், அதாவது சட்டத் தொடர்புள்ள மருத்துவ வழக்கு. உள்ளே வந்ததும் நிலைமையைப் பொறுத்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். பணியில் இருக்கும் மருத்துவர் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்: பெயர், வயது, முகவரி, அழைத்து வந்தவர் யார், வந்த நேரம், என்ன நடந்ததாகச் சொல்கிறார்கள், உடம்பில் என்ன அடையாளங்கள். வளாகத்திலேயே இருக்கும் புறக்காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். அங்கிருந்து உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு. பிறகு வாக்குமூலம் வாங்க ஒரு காவலர் வருவார். இந்த வரிசையில் ‘என்ன நடந்ததாகச் சொல்கிறார்கள்’ என்ற அந்த ஒன்றரை வரி பின்னாளில் ஸ்டேஷனிலும் நீதிமன்றத்திலும் திரும்பத் திரும்ப வாசிக்கப்படும்.

இரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது இது. சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன். ஒரு மாணவி. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர், திரும்பிப் போக வேண்டிய நாளன்று பூச்சிமருந்து குடித்துவிட்டார். 108-ல் கொண்டு வந்தார்கள். அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். வேலை செய்த சட்டையோடு நின்றிருந்தார். ஊர்த் தோழர் ஒருவர் கூப்பிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண்ணுக்கு வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மூக்கு வழியாகக் குழாய். குமட்டலில் அவர் குழாயைத் தட்டிவிட, இரண்டு கைகளையும் காஸ் துணியால் கட்டில் கம்பியில் கட்டினார்கள்.

“குடிக்கிறப்ப இனிச்சுதா? இப்ப மட்டும் கஷ்டமா இருக்கோ?” என்றது ஒரு குரல். “லவ் ஃபெயிலியரா?” என்றது இன்னொன்று. யாரோ சிரித்தார்கள். அப்புறம் அப்பாவிடம்: “பொண்ண ஒழுங்கா வளக்கத் தெரியாதாய்யா? எந்த ஊரு? ஊருக்குள்ளயா, காலனியா?” அவர் “காலனிங்க” என்றார். அதற்குப் பிறகு அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிகிச்சை மறுக்கப்படவில்லை. நேரத்தோடு, திறமையோடு அந்தப் பெண்ணின் உயிரைக் காப்பாற்றினார்கள். தனியாரிடம் போயிருந்தால் அந்தக் குடும்பம் கடனில் மூழ்கியிருக்கும். அரசு மருத்துவமனை நம்முடையது, அதை நாம் விட்டுக்கொடுக்க முடியாது. அதனால்தான் அங்கே நடப்பதைப் பேச வேண்டியிருக்கிறது.

புறக்காவல் நிலையத்திலிருந்து வந்த காவலர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அப்பாவை ஓரமாகக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: “வயித்து வலின்னு போட்டுக்கலாம்யா. வயசுப் பொண்ணு, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு இருக்கு. கேஸு கோர்ட்டுன்னு உன்னால அலைய முடியாது.” அப்பா அவரைக் கும்பிட்டார். முதலில் கேலி பேசியவர்களும் பிறகு இரக்கப்பட்டவரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான். காரணம் யாருக்கும் தேவைப்படவில்லை.

இரவு பத்து மணிக்கு மேல் வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே பணியில் இருந்த செவிலியருக்கு ஐம்பது வயது இருக்கும். கட்டை அவிழ்த்துவிட்டு, சிவந்திருந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டே “என்னம்மா ஆச்சு?” என்று கேட்டார். “ஏன் குடிச்ச?” என்று அதுவரை ஐந்தாறு பேர் கேட்டிருந்தார்கள், அந்தப் பெண் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. இதற்குச் சொன்னார். விடுதியில் தட்டைத் தனியாக வைக்கச் சொன்னது, வகுப்பில் உதவித்தொகைப் பட்டியலைச் சத்தமாக வாசித்தது, பணம் காணாமல் போனபோது அவர் பெட்டியை மட்டும் எல்லார் முன்னாலும் திறந்து பார்த்தது, அப்போது சொல்லப்பட்ட சாதிப் பெயர். செவிலியர் முழுக்கக் கேட்டார். “இத எழுதட்டுமா?” என்று அனுமதி கேட்டு, கேஸ் ஷீட்டில் நேரம் குறித்து மூன்று வரி எழுதினார். காலை ரவுண்ட்ஸில் மருத்துவரிடமும் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகு புகார் கொடுக்கப் போனோம். “ஆஸ்பத்திரில வயித்து வலின்னு சொல்லிட்டு, இப்ப யார் சொல்லிக்குடுத்து வந்திருக்கீங்க?” என்று ஸ்டேஷனில் கேட்டார்கள். மருத்துவப் பதிவேட்டின் நகலை மேசைமேல் வைத்தோம். இழுபறிக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் முதல் தகவல் அறிக்கை பதிவானது. வழக்கு நடப்பதால் இதற்குமேல் எழுதவில்லை. அந்த மாணவி இப்போது வேறு கல்லூரியில் படிக்கிறார்.

எம்.ஏ. சமூகவியல் படிக்கும்போது ரோஜர் ஜெஃப்ரி 1979-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையை வாசித்தேன். இங்கிலாந்தின் காஷுவாலிட்டிகளில் ஊழியர்கள் நோயாளிகளை எப்படித் தரம் பிரிக்கிறார்கள் என்பதைப் பற்றியது. அவர்களுக்குள் ‘நல்ல’ நோயாளிகள் உண்டு. தங்கள் திறமையைக் காட்டவும் தொழில் கற்றுக்கொள்ளவும் வாய்ப்புத் தருகிறவர்கள். மற்றவர்கள் ‘குப்பை’. சில்லறைத் தொந்தரவுகளுக்கு வருகிறவர்கள், குடித்துவிட்டு வருகிறவர்கள், மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கியவர்கள், வீடற்றவர்கள் இந்தப் பட்டியலில் வருவார்கள். தன் நிலைக்குத் தானே காரணமான ஆளுக்கு எங்கள் நேரம் எதற்கு என்பதுதான் இதன் பின்னால் இருக்கும் எண்ணம். அது வெள்ளைக்கார ஊர். ஆனால் வாசித்தபோது எனக்கு நம் ஊர் காஷுவாலிட்டிதான் கண்ணில் தெரிந்தது.

நம் ஊரில் இந்தக் கணக்கோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ‘தானே தேடிக்கொண்டது’ என்ற தீர்ப்பைச் சமூகம் நம் மக்கள்மீது முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது. குடிப்பான், படிக்க மாட்டான், சலுகையில் வந்தவன். காஷுவாலிட்டிக்குள் நாம் நுழையும்போது அந்தத் தீர்ப்பும் கூடவே நுழைகிறது. சாதிச் சான்றிதழ் யாரும் கேட்பதில்லை. ஊரா காலனியா என்ற கேள்வி போதும். தெருப் பெயர் போதும்.

அம்பேத்கர் ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’ என்ற சிறு நூலில் ஒரு சம்பவத்தை எடுத்து வைக்கிறார். கத்தியவாரில் தீண்டப்படாத சாதியைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர் எழுதி, 1929 டிசம்பரில் ‘யங் இந்தியா’வில் வெளியான கடிதம் அது. பிரசவத்துக்குப் பின் நோயுற்ற அவருடைய மனைவியைப் பார்க்க வந்த மருத்துவர் தொட மறுத்தார். வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுத்து, அவர் கணவரிடம் கொடுத்து, கணவர் மனைவிக்கு வைத்தார். அந்தப் பெண் இறந்துபோனார். இன்று மருத்துவர் தொடுகிறார், ஊசி போடுகிறார், குழாய் போடுகிறார். ஆனால் ‘உனக்கு என்ன நடந்தது’ என்று கேட்கும் அளவுக்கு அருகில் வருவதில்லை.

மனநல சிகிச்சையில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு வேறொரு ஆபத்து உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பேரூராட்சித் தூய்மைப் பணியாளர் பல வருடங்களாக மனநலப் பிரிவில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர். ஒரு நாள் அதிகாலை நெஞ்சை அடைக்கிறது, வியர்க்கிறது என்று வந்தார். அவருடைய ஓ.பி. நோட்டைப் புரட்டியதும் “மெண்டல் கேஸுப்பா, பயத்துல வர்றது. ஒன்பது மணிக்கு சைக்கியாட்ரி ஓ.பி.க்குக் கூட்டிட்டுப் போ” என்று பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் மனைவி நகரவில்லை. “பயம்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் சார், இது அது இல்ல” என்று வாசலிலேயே நின்று கத்தினார். கடைசியில் இ.சி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார். மனநோய் என்ற முத்திரை விழுந்த பிறகு உடம்பின் நோய் கண்ணில் படாமல் போவது உலகம் முழுக்கப் பேசப்படும் பிரச்சினை. அந்த முத்திரையோடு தூய்மைப் பணியாளர் என்ற முத்திரையும் இருந்தால், இ.சி.ஜி. எடுக்க வைக்க ஒரு பெண் வாசலில் நின்று கத்த வேண்டியிருக்கிறது.

ஊழியர்களின் பக்கமும் தெரியாமல் பேசவில்லை. ஹவுஸ் சர்ஜன்கள் தூங்காமல் நிற்கிறார்கள். ஒரு செவிலியருக்கு எத்தனை படுக்கை என்று கணக்கே இல்லாத இரவுகள் உண்டு. நான் நின்ற இடங்களில் இரவுப் பணியில் மனநல மருத்துவர் நேரில் இருந்ததைப் பார்த்ததில்லை. உடம்பு தேறி வீட்டுக்கு அனுப்பும் நாளில் ‘மனநல ஆலோசனை’ என்று ஒரு சீட்டு எழுதப்படும், அவ்வளவுதான். அந்த மாணவியின் வாந்தியைத் துடைத்தது ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஒரு அக்கா. அவரும் காலனிதான். அவரையும் அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆட்பற்றாக்குறை உண்மை. ஆனால் ஆள் குறைவாக இருந்ததால் யாரும் “ஊரா, காலனியா” என்று கேட்கவில்லை. கேலி செய்யவும் நேரம் செலவாகத்தான் செய்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 115-வது பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும். மாறாக நிரூபிக்கப்படாத வரை அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-வது பிரிவே இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் முயற்சி மட்டும் 226-வது பிரிவில் குற்றமாக இருக்கிறது. ஆனாலும் “கேஸ் ஆயிடும்” என்ற பயத்தைக் காட்டித்தான் இன்றும் வயிற்று வலி எழுதப்படுகிறது.

அதே சட்டத்தின் 21-வது பிரிவு, மனநோய்க்கான அவசர சிகிச்சையும் ஆம்புலன்சும் உடல் நோய்க்குக் கிடைக்கும் அதே தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. பாகுபாடு கூடாது என்று அது அடுக்கும் காரணங்களில் சாதியும் பெயர் சொல்லியே இருக்கிறது. 97-வது பிரிவு மனநல சிகிச்சை நிலையங்களில் நோயாளியைக் கட்டுவதைப் பற்றியது: உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான் அனுமதி, தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறையைக் காட்டியோ கட்டக் கூடாது. கட்டிப்போடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடித் தீயில் 28 பேர் இறந்தது சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால்தான்.

காகிதத்தில் விழாத காரணம் எண்ணிக்கையிலும் விழாது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஒவ்வொரு வருடமும் தற்கொலை அறிக்கை வெளியிடுகிறது. 2022 அறிக்கையின்படி நாடு முழுக்க 1,70,924 பேர். மாநிலங்களில் மகாராஷ்டிராவுக்கு அடுத்து தமிழ்நாடு, 19,834 பேர். நான்கில் ஒருவருக்கும் மேல் தினக்கூலிகள். பாலினம், வயது, படிப்பு, தொழில், வருமானம், திருமண நிலை என்று அட்டவணைகள் உண்டு. சாதிக்கு அட்டவணை இல்லை. காரணங்களில் குடும்பப் பிரச்சினை, நோய், காதல், தேர்வுத் தோல்வி, ‘சமூக மதிப்பு வீழ்ச்சி’ எல்லாம் இருக்கின்றன. சாதிக் கொடுமை என்ற காரணம் இல்லை. ரோகித் வெமுலா இறந்தது 2016-ல். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அந்தப் பட்டியலில் அவருடைய மரணத்துக்கென்று ஒரு கட்டம் கிடையாது.

தோழர்கள் செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

1. கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேர் போங்கள். ஒருவர் நோயாளியின் பக்கத்தில் இருக்க வேண்டும். இன்னொருவர் மருத்துவர், காவலர், சீட்டு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் வேலை உயிரைக் காப்பது. சிகிச்சை நடக்கும் நேரத்தில் ஊழியர்களோடு சண்டை போடாதீர்கள். யார், என்ன, எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்று எழுதி வையுங்கள்.

2. போலீஸ் வரட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போட்டால், முதலில் சிகிச்சை, பிறகுதான் சட்ட நடைமுறை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதைப் பணிவாக, ஆனால் உறுதியாக எடுத்துச் சொல்லுங்கள்.

3. காரணத்தை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். அவர் வாயிலிருந்து வர வேண்டும். பேசும் நிலையில் இல்லையென்றால், ‘காரணம் பிறகு தெரிவிக்கப்படும்’ என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். வயிற்று வலி இல்லாதபோது வயிற்று வலிக்குச் சம்மதிக்காதீர்கள்.

4. சாதிக் கொடுமையைப் பதிவு செய்வதா வேண்டாமா என்பது பாதிக்கப்பட்டவரின் முடிவு. அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். அவர் நமக்குத் தோழர், வழக்குக்கான சாட்சியம் அல்ல. வேண்டும் என்றால், அவர் சொல்வது கேஸ் ஷீட்டில் அவர் சொன்ன வார்த்தைகளிலேயே ஏறும்படி பாருங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை.

5. ஏ.ஆர். நகலையும் சிகிச்சைப் பதிவேட்டையும் எழுத்து மூலம் கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் நெறிமுறை.

6. வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனம் அதிகம் தேவை. ‘மனநல ஆலோசனை’ என்று எழுதிய சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்; கூடவே போய்க் காட்டிவிட்டு வாருங்கள். அடுத்த சில வாரங்கள் தினமும் ஒருவர் அவரைப் பார்க்க வேண்டும்.

இதை வாசிக்கிறவர்களில் மருத்துவம், செவிலியம் படிக்கும் தம்பி தங்கைகள் இருப்பீர்கள். நாளைக்கு அந்த மேசைக்குப் பின்னால் உட்காரப் போகிறவர்கள் நீங்கள். “ஏன் குடிச்ச?” என்று கேட்காதீர்கள். “என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். சொன்னதை எழுதுங்கள்.

உங்களுக்கே மனம் தாங்காத இரவு வந்தால் 14416 டெலிமானஸ் எண்ணுக்கோ 104-க்கோ கூப்பிடுங்கள், எங்களில் ஒருவரையும் எழுப்புங்கள். எத்தனை மணியானாலும் பரவாயில்லை. நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும்.